மௌனம் சம்மதம் ஆகுமா?



சங்கராபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் விவசாயி ஒருவர் தம் கரும்புத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிக் கொண்டிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மடியில் இருக்கும் கைபேசி ஒலிக்கிறது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டதோ, பிள்ளை படிக்கும் பள்ளியிலிருந்து அழைக்கிறார்களோ என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக் கொண்டு எடுக்கிறார். "வணக்கம்! உங்களுக்குத் தனிநபர் கடன் தயாராக உள்ளது. விவரம் அறிய எண் ஒன்றை அழுத்தவும்" என்கிறது ஒரு குரல்.

"யாருங்க பேசறது?" என்று கேட்கிறார் இவர். பதில் இல்லை. அந்தக் குரல் தன் பாட்டுக்கு வட்டி விகிதம் சொல்லிக் கொண்டே போகிறது. அது மனிதர் அன்று. பதிவு செய்த குரலை ஒலிபரப்பும் இயந்திரம்.

விவசாயி ஒன்றும் சொல்லவில்லை, எந்த எண்ணையும் அழுத்தவில்லை. மறுநாளும் அதே அழைப்பு வருகிறது. இவரை அழைக்கலாம் என்று அந்த இயந்திரத்துக்கு அனுமதி கொடுத்தது யார்? இக்கேள்விக்கு விடை தேடுவதுதான் இக்கட்டுரையின் வேலை. இதில் சட்டமும் வரும். கொஞ்சம் கணிதமும் பௌதிகமும் வரும். ஒரு குதிரையும் வரும்.

இயந்திரத்தின் கணக்கு

கடைக்காரர் ஒருவர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாக விளம்பரம் செய்தால், நாம் காதைப் பொத்திக் கொள்ளலாம். ஆட்டோவும் சற்று நேரத்தில் அடுத்த தெருவுக்குப் போய்விடும். தொலைபேசி அப்படிப்பட்டதன்று. அது ஒலித்தால் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு எடுக்கிறோம். ஏனெனில் மருத்துவமனையிலிருந்தும் அதே மணிதான் ஒலிக்கும். கல்வராயன் மலையில் அலை சரிவரக் கிடைக்காத ஊர்களை எண்ணிப் பாருங்கள். அலை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறி நின்று, ஊரிலிருக்கும் மகனின் அழைப்புக்காகக் காத்திருப்பவருக்குக் கடன் விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும்?

இனிக் கணக்குக்கு வருவோம். அலுவலகங்களுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் தரும் ஒருவகை எண்மத் தடத்தில் ஒரே சமயத்தில் 30 பேச்சுகள் செல்லும். மணி அடிக்கும் நேரம், விளம்பரம் ஓடும் நேரம் எல்லாம் சேர்த்து ஓர் அழைப்புக்கு 1 நிமிடம் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 30 × 60 = 1,800 அழைப்புகள். 10 மணி நேரத்தில் 18,000. அழைப்பவருக்கு இதற்காக ஓர் ஆள்கூட வேண்டியதில்லை. எடுப்பவர் ஒவ்வொருவரும் அரை நிமிடத்தை இழக்கிறார் என்றால், 18,000 பேர் இழப்பது 9,000 நிமிடம். அதாவது 150 மணி நேரம். ஓர் இயந்திரத்தின் ஒரு பகல் வேலை, பிறருடைய 150 மணி நேரத்தை விழுங்குகிறது! செலவு முழுவதும் கேட்பவர் தலையிலும் லாபம் முழுவதும் அழைப்பவர் பையிலும் சேர்வதால்தான், சட்டம் இதில் தலையிட வேண்டியிருக்கிறது.

தானாக எண்களைச் சுழற்றும் இயந்திரங்கள் இருவகை. ஒன்று, மேலே கண்டதைப் போலப் பதிவு செய்த குரலை ஒலிபரப்புவது. மற்றொன்று, பல எண்களை ஒரே சமயத்தில் அழைத்து, யார் எடுக்கிறாரோ அவரை அலுவலகத்தில் காத்திருக்கும் விற்பனையாளரோடு இணைப்பது. எல்லாரும் எடுக்க மாட்டார்கள் என்ற எதிர்பார்ப்பில், இருக்கும் விற்பனையாளர்களைவிட அதிகமான எண்களை இது அழைக்கும். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் எடுத்துவிட்டால்? மிஞ்சியவர்களோடு பேச ஆள் இருக்காது. சில வேளைகளில் நீங்கள் "அலோ, அலோ" என்று கத்தியும் மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லாமல் இணைப்புத் துண்டிக்கப்படுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். இதைப் பகடை உருட்டியே சோதித்துப் பார்க்கலாம். அச்சோதனையைக் கடைசியில் தந்திருக்கிறேன்.

மாமாவும் குதிரையும்

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்பார்கள் பெரியோர். பெண் பார்க்க வரும் வீடுகளில் இது அடிக்கடி காதில் விழும். அப்பழமொழி எத்தனை பெண்களின் விருப்பத்தை விழுங்கியதோ, அது வேறு கதை. சட்டத்தில் இது செல்லுமா?

இங்கிலாந்தில் 1862இல் ஒரு வழக்கு நடந்தது. நம் நாட்டுச் சட்டக் கல்லூரிகளிலும் முதலாண்டு மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். பால் ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தம் உடன்பிறந்தாரின் மகனான ஜானிடமிருந்து ஒரு குதிரையை வாங்க விரும்பினார். விலை 30 பவுன் 15 ஷில்லிங் என்று கடிதம் எழுதி, 'இதைப் பற்றி உன்னிடமிருந்து மேற்கொண்டு ஒன்றும் வராவிட்டால் குதிரை என்னுடையது என்றே எடுத்துக் கொள்வேன்' என்ற கருத்தையும் அதில் சேர்த்தார். ஜான் பதில் எழுதவில்லை. மனத்துக்குள் அவருக்குச் சம்மதந்தான். தம் பண்ணைப் பொருள்களை ஏலம் விட வந்த பிண்ட்லி என்பவரிடம், "அந்தக் குதிரையை மட்டும் ஏலத்தில் சேர்க்காதீர்கள்" என்று சொல்லியும் வைத்தார். ஏலக்காரரோ தவறுதலாக அதையும் விற்றுவிட்டார். மாமா வழக்குத் தொடுத்தார்.

தீர்ப்பு மாமாவுக்கு எதிராகப் போயிற்று. 'நீ பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டாய் என்று பொருள்' என ஒருவர் தாமாக விதி வகுத்து அதை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது என்பது வழக்கின் சாரம். மருமகன் மனத்தளவில் இசைந்திருந்தும் அதை மாமாவிடம் தெரிவிக்கவில்லையே! எனக்கென்னவோ அந்த மாமாவின் மேல் சற்று இரக்கம் உண்டு. ஆனால் வேறு விதமாகத் தீர்ப்பளித்திருந்தால் என்ன ஆகும்? யார் வேண்டுமானாலும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டுவிடலாம். பதில் எழுதி மறுக்க வேண்டிய வேலை உங்களுடையது ஆகிவிடும். நாளைக்கு 10 கடிதம் வந்தால் 10 மறுப்பு எழுத வேண்டும்.

நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இருவர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றுக் கொள்வதையே இசைவு என்கிறது. வற்புறுத்தல், ஏமாற்று முதலியவற்றால் பெற்ற இசைவு சுதந்திரமான இசைவன்று என்கிறது அடுத்த பிரிவு. 'ஒரே பொருளில்' என்பதை அடிக்கோடிட்டு வைத்துக் கொள்ளுங்கள். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி, இந்தியில் ஓடும் பதிவைக் கேட்டுத் திகைத்து, ஏதாவது ஓர் எண்ணை அழுத்தினால் சத்தம் நிற்குமென்று அழுத்தினால், அவரும் அந்த நிறுவனமும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றார்கள் என்று சொல்ல முடியுமா?

நம் நாட்டு விதிகள் நடந்து வந்த பாதை

தொலைபேசி நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997இல் அமைக்கப்பட்டது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக டிராய் என்பார்கள். வேண்டாத விளம்பர அழைப்புகளுக்கென இது 2007இல் முதல் விதிகளை வெளியிட்டது. அதன்படி 'அழைக்காதீர்' பட்டியல் ஒன்று நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. தொல்லை வேண்டாம் என்பவர் தம் எண்ணை அதில் பதிவு செய்ய வேண்டும். விளம்பரதாரர்கள் அப்பட்டியலைப் பார்த்து அந்த எண்களை நீக்கிவிட்டு மற்றவர்களை அழைக்க வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஒன்றைக் கவனித்தீர்களா? பதிவு செய்யாதவர்களின் நிலை என்ன? அவர்களை அழைக்கலாம். பட்டியல் என்று ஒன்று இருப்பதே தெரியாத மலையூர் மூதாட்டியையும் அழைக்கலாம். குதிரை வழக்கில் மாமா கேட்ட அதே விதி வேறு வேடத்தில் வந்துவிட்டது! மறுக்காவிட்டால் சம்மதம். மறுக்கும் உழைப்பு முழுவதும் கேட்பவருடையது.

2010 டிசம்பரில் புதிய விதிகள் வெளியாகி, 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. விளம்பரதாரர்களின் எண்கள் 140 என்று தொடங்க வேண்டும் என்ற ஏற்பாடு அப்போது புழக்கத்துக்கு வந்ததே. ஏழு வகை வாணிபங்களில் எவை வேண்டும், எவை வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கவும் வழி கிடைத்தது.

2018 ஜூலை 19ஆம் நாள் வெளியான விதிகள்தாம் நம் தலைப்புக்கு மிக நெருங்கியவை. இவை 'அழைப்பு' என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. மனிதர் பேசும் அழைப்பு, குறுஞ்செய்தி, பதிவு செய்த குரலைத் தானாக ஒலிபரப்பும் அழைப்பு, தானாக அழைத்து மனிதரோடு இணைக்கும் அழைப்பு, ரோபோ அழைப்பு என்று தனித் தனியே பிரித்தன. 'மனிதர் பேசினால் கேட்கிறேன், இயந்திரம் பேசினால் வேண்டாம்' என்று ஒருவர் தேர்ந்தெடுக்கலாம். எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் என்பதையும் குறிக்கலாம். தானாக அழைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துவோர் தம் தொலைபேசி நிறுவனத்துக்கு அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எடுத்தவரைப் பேச ஆளில்லாமல் கைவிடும் அழைப்புகளை வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும்.

இவ்விதிகள் ஒப்புதலை இரண்டாகப் பகுத்தன. ஒருவர் நேரடியாகக் கொடுத்து, சரிபார்க்கப்பட்டு, பதிவானது வெளிப்படையான ஒப்புதல். நடத்தையிலிருந்தோ உறவிலிருந்தோ ஊகித்துக் கொள்வது மற்றொன்று. உங்கள் தந்தையார் ஒரு வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார்; அக்கணக்கைப் பற்றி வங்கி பேசுவதை அவர் எதிர்பார்க்கவே செய்வார். இதில் தவறில்லை. ஆனால் அந்த உறவைப் பிடித்துக் கொண்டு காப்பீடு, கடன் அட்டை, வீட்டு மனை என்று நீட்டிக் கொண்டே போனால்? ஊகத்துக்கு எல்லை போடாவிட்டால் அது ஆக்கிரமிப்பு ஆகிவிடும்.

2023இல் நாடாளுமன்றம் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, விளம்பரச் செய்திகளில் குறிப்பிட்ட வகைகளுக்குப் பயனரின் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் விதிகளைச் செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 'முன்' என்ற ஒரு சொல்தான் பெரிய மாற்றம்! பொருள்களை விற்பது மட்டுமன்றி, வேலை வாய்ப்பு, முதலீட்டு வாய்ப்பு என்று ஆசை காட்டும் செய்திகளும் அதில் அடங்கும். இப்பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பாதை முடிந்துவிடவில்லை. எந்த விருப்பத்தையும் பதிவு செய்யாத ஒருவரை, பதிவு பெற்ற நிறுவனம் 140 எண்ணிலிருந்து விளம்பரத்துக்காக அழைப்பது பொதுவாக விதிமீறல் ஆகாது. பழமொழி இன்னும் பாதி உயிரோடு இருக்கிறது.

மற்ற நாடுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு செய்த குரலிலோ செயற்கைக் குரலிலோ கைபேசியை அழைப்பதற்கு முன் ஒப்புதல் வேண்டும் என்றது. மீறினால் அழைப்பு ஒன்றுக்கு 500 டாலர் இழப்பீடு கோரலாம். 2024 ஜனவரியில் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வாக்காளர்களைத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்று அதிபர் பைடனே சொல்வது போன்ற அழைப்புகள் வந்தன. குரல் அவருடையதைப் போலவே இருந்தது. ஆனால் கணிப்பொறி உண்டாக்கியது. மறு மாதமே, இத்தகைய செயற்கை நுண்ணறிவுக் குரலும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொன்ன 'செயற்கைக் குரல்'தான் என்று அந்நாட்டு ஆணையம் அறிவித்தது. 33 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு சொல், எழுதியவர்கள் கனவிலும் காணாத இயந்திரத்தைப் பிடித்துவிட்டது!

எண் ஒன்றை அழுத்தினால் என்ன நடக்கிறது?

இயந்திரத்தின் காதுக்கு 'ஒன்று' என்பது எப்படிக் கேட்கிறது? தொலைபேசியின் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு ஓசைகள் சேர்ந்த ஒரு கூட்டோசை உண்டு. 1 என்ற எண்ணுக்கு வினாடிக்கு 697 அதிர்வுகள் உள்ள ஓசையும் 1,209 அதிர்வுகள் உள்ள ஓசையும் ஒன்றாக ஒலிக்கின்றன. 5க்கு 770ம் 1,336ம். 9க்கு 852ம் 1,477ம். ஓர் ஓசை மட்டும் என்றால் யாராவது சீழ்க்கை அடித்தாலும் இயந்திரம் ஏமாந்துவிடும். இரண்டு சேர்ந்தால் மனிதக் குரலோ பாட்டோ தற்செயலாக அப்படி அமைவது அரிது. அழகான ஏற்பாடு!

ஆனால் இயந்திரம் அறிவது இவ்வளவே. அழுத்தியவர் வீட்டுத் தலைவரா, ஏழு வயதுப் பேத்தியா? சொன்னது புரிந்து அழுத்தினாரா, எரிச்சலில் அழுத்தினாரா? 697ம் 1,209ம் இதையெல்லாம் சொல்லா. ஆகவே 'அவர் எண்ணை அழுத்தினார்' என்பது ஒன்று. 'அவர் ஒப்புதல் தந்தார்' என்பது வேறொன்று. ஒப்புதல் என்பதற்கு யார், எப்போது, யாருக்கு, எதற்காக என்ற நான்கும் வேண்டும்.

எதற்காக என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கப் போகிறீர்கள். குலுக்கல் பரிசுக்கென்று ஒரு சீட்டு தருகிறார்கள். பெயர், ஊர், கைபேசி எண் எல்லாம் எழுதிப் பெட்டியில் போடுகிறீர்கள். பரிசு விழுந்தால் சொல்வதற்காகத்தான் அந்த எண்! அடுத்த மாதம் எங்கோ உள்ள வீட்டு மனை நிறுவனம் அழைத்தால், அந்தச் சீட்டு அதற்கு ஒப்புதல் ஆகாது. விதிகள் கூறும் ஒப்புதல், குறிப்பிட்ட அனுப்புநருக்குக் குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தருவது. பசுமாடு மேய ஒரு வயலைக் காட்டினால் ஊர் வயல் எல்லாம் மேயலாம் என்று பொருளில்லையே!

அழியாப் பேரேடு

சரி, ஒப்புதல் தந்ததாக நிறுவனம் சொல்கிறது. தரவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். எப்படித் தீர்ப்பது? இங்கேதான் 2018ஆம் ஆண்டு விதிகள் ஒரு புதிய கருவியைக் கொண்டுவந்தன. தொலைபேசி நிறுவனங்கள் 'பகிர்ந்த பேரேடு' ஒன்றில் இவற்றையெல்லாம் பதிய வேண்டும் என்றன.

மண்டிக் கடையின் பேரேட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டு வந்து எழுதுவார்கள். நடுவில் ஒரு பக்கத்தில் 50 ரூபாயைத் திருத்தினால், அதற்குப் பின்னுள்ள எல்லாப் பக்கங்களின் தொகையும் பொருந்தாமற் போகும். பகிர்ந்த பேரேட்டின் அடிப்படையும் ஏறத்தாழ இதுவே. கூட்டுத்தொகைக்குப் பதிலாக, அப்பக்கத்தின் எல்லா எழுத்துகளையும் கொண்டு கணிப்பொறி ஓர் 'விரல் ரேகை எண்'ணை உண்டாக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் இது 256 இரும இலக்கங்கள் கொண்டது. ஒரு புள்ளியை மாற்றினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும். அவ்வெண் அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும். அன்றியும் இப்பேரேட்டின் படிகள் பல நிறுவனங்களிடம் இருக்கும். ஒருவர் தம் படியை மட்டும் திருத்தினால் மற்றவர்கள் படி காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் மண்டிக் கணக்கருக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. எழுதியபின் திருத்த முடியாமல் செய்யலாம். எழுதும்போதே பொய் எழுதினால் பேரேடு என்ன செய்யும்? அதையும் அது பத்திரமாகக் காத்து வைக்கும். இதனால்தான் 2023 ஜூனில் டிராய் இன்னோர் உத்தரவு பிறப்பித்தது. நிறுவனம் தானே ஒப்புதலை எழுதிக் கொள்ளக் கூடாது. 127 என்று தொடங்கும் எண்ணிலிருந்து உங்களுக்கே செய்தி வர வேண்டும். யார், எதற்காகக் கேட்கிறார் என்பது அதில் இருக்க வேண்டும். நீங்கள் சம்மதித்தால்தான் பதிவாக வேண்டும் என்றது. இம்முறைக்கு 2025இல் சில வங்கிகளைக் கொண்டு முன்னோட்டம் தொடங்கினார்கள்.

2025 பிப்ரவரியில் வந்த திருத்தங்கள் ஒப்புதலுக்கு வயதையும் வரம்பையும் வைத்தன. நடந்து கொண்டிருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலை முடிப்பதற்காகத் தந்த ஒப்புதல் 7 நாள் மட்டுமே செல்லும். தந்த ஒப்புதலை நீங்கள் திரும்பப் பெற்றுவிட்டால், அந்த நிறுவனம் 90 நாள்களுக்கு மறுபடி கேட்கவே கூடாது. இந்த 90 நாள் விதி எனக்கு மிகவும் பிடித்தது. 'வேண்டாம்' என்பவரிடம் தினமும் 'வேண்டுமா, வேண்டுமா' என்று கேட்டே சம்மதம் வாங்கும் தந்திரத்துக்கு அது கதவடைக்கிறது.

உங்கள் வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 18 வயது நிறையாதவரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், சிறுவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழும் அந்த 22இல் ஒன்று; மேலே கண்ட பாட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி இக்கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன.

வீட்டில் நீங்கள் செய்யக் கூடியவை

பெரும்பாலான வீடுகளில் கைபேசி அம்மா, அப்பா பெயரில் இருக்கும். அதை நன்றாகக் கையாளத் தெரிந்தவர் நீங்களாக இருப்பீர்கள். எனவே அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் விரும்பினால் இவற்றைச் செய்யலாம். விளம்பரம் எதுவும் வேண்டாம் என்றால், ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று எழுதி, ஓர் இடம் விட்டு, 0 சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். வங்கியின் இரகசிய எண் போன்ற சேவைச் செய்திகள் இதனால் நின்றுபோகா.

140இல் தொடங்கினால் விளம்பரம். 1600இல் தொடங்குவது வங்கி முதலியவற்றின் சேவை அழைப்புகளுக்காக 2024இல் ஒதுக்கப்பட்ட தொடர். சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால், அதுவே விதிமீறல். வந்த 7 நாளுக்குள் 1909க்குப் புகார் செய்யலாம். முன்னர் இது 3 நாளாக இருந்தது. முன்பே விருப்பம் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இப்போது இல்லை. பதிவு பெறாத ஓர் அழைப்பாளர் மேல் 10 நாளில் 5 புகார்கள் சேர்ந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது 2025ஆம் ஆண்டு விதி. முன்பு 7 நாளில் 10 புகார்கள் தேவைப்பட்டன. ஐந்து என்பது எவ்வளவு சிறிய எண் பாருங்கள்! உங்கள் தெருவில் ஐந்து வீடுகளுக்கு அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்து, ஐவரும் புகார் எழுதினால் போதும். முதல் முறை பிடிபட்டால் அவருடைய எல்லா எண்களிலிருந்தும் 15 நாள் வெளியே பேச முடியாது. மறுபடியும் செய்தால் எல்லா நிறுவனங்களிலும் ஓராண்டு இணைப்புத் துண்டிப்பு.

பணம் பறிக்கும் மோசடி அழைப்புகள் வேறு இனம். ஒப்புதல் விதிகளை மதிக்காதவர்கள் அவர்கள். 'இனி அழைக்க வேண்டாம் என்றால் 9ஐ அழுத்துங்கள்' என்று அவர்களின் பதிவு சொன்னால் அழுத்தாதீர்கள். 852ம் 1,477ம் சேர்ந்து ஒலித்ததும், 'இந்த எண்ணில் மனிதர் இருக்கிறார், கேட்டால் அழுத்துகிறார்' என்று அவர்கள் குறித்துக் கொள்வார்கள். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

பரமபதம் ஆட வைத்திருக்கும் ஆறுமுகப் பகடைகள் மூன்று எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு பகடை, ஓர் அழைப்பு. 1 அல்லது 2 விழுந்தால் எடுத்தார். மற்றவை விழுந்தால் எடுக்கவில்லை. அதாவது மூவரில் ஒருவர் எடுப்பார். விற்பனையாளர் ஒருவர்தாம்.

முதலில் ஒரு பகடையை மட்டும் 27 முறை உருட்டுங்கள். சராசரியாக 9 முறை ஆள் கிடைப்பார். 18 முறை விற்பனையாளர் சும்மா உட்கார்ந்திருப்பார். முதலாளிக்கு இது பிடிக்காது. இப்போது மூன்றையும் சேர்த்து 27 முறை உருட்டுங்கள். சராசரியாக 8 முறை யாரும் எடுக்கார். 12 முறை ஒருவர். 6 முறை இருவர். 1 முறை மூவரும். விற்பனையாளருக்கு 19 முறை வேலை கிடைத்துவிட்டது. முதலாளி மகிழ்வார். ஆனால் எடுத்த 27 பேரில் பேச ஆளில்லாமல் கைவிடப்பட்டவர் 6 + 2 = 8 பேர்; 100க்கு ஏறத்தாழ 30.

விற்பனையாளர் 10 பேர், பகடை 30 என்றால் இது 100க்கு ஏறத்தாழ 10 ஆகும். 100 பேர், 300 பகடை என்றால் மூன்றை ஒட்டி வரும். எண்ணிக்கை பெருகப் பெருகத் தற்செயல் அடங்குகிறது. அமெரிக்க விதி ஒன்று இதற்கு வைத்திருக்கும் வரம்பு 100க்கு 3. சிறிய நிறுவனம் அவ்வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் எத்தனை பகடை உருட்டலாம்? நண்பர்கள் நால்வர் விற்பனையாளராக உட்காருங்கள். 6, 8, 10, 12 என்று பகடைகளைக் கூட்டிக் கொண்டே போய் ஒவ்வொன்றையும் 20 முறை உருட்டுங்கள். எடுத்தவர் எத்தனை பேர், அவர்களில் வெறும் காற்றிடம் "அலோ, அலோ" என்றவர் எத்தனை பேர் என்று இரண்டு வரிசையாக எழுதி வாருங்கள்.